மாமா காலுக்காக ஒரு விரதம்

அத்தை விரதம் எடுத்தால் எங்கள் வீட்டில் ஈரல் வேகும்.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்கள் தெருவில் அது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. அத்தையின் புருஷன், பக்கத்து வீட்டு மாமா, எங்கள் தெரு அம்மனுக்குக் கிடா வெட்டுகிறவர். அவருடைய அப்பா வெட்டினார், அவருக்கு அப்பாவும் வெட்டினார். வெட்டுக்குக் கூலி கிடையாது, பங்குதான். தலை பூசாரிக்கு. ஈரல், குண்டிக்காய், சுவரொட்டி என்கிற மண்ணீரல் மூன்றும் கத்தி பிடித்தவருக்கு. ஆடியில் அம்மனுக்கு வெட்டும் கிடாவிலும், ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்கள் சேர்ந்து கூறு போட்டுக்கொள்ளும் ஆட்டிலும் இதே பங்கு. அதை அவர் வீட்டு அடுப்பில்தான் சமைக்க வேண்டும், அவர்தான் முதல் வாய் சாப்பிட வேண்டும். பங்கு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் கத்தியும் வேண்டாம் என்றுதான் பொருள்.

அதற்கு ஒரு விலக்கு உண்டு. வீட்டில் யாராவது விரதம் இருந்தால் அந்த அடுப்பில் கவிச்சி ஏறக் கூடாது. அப்போது பங்கு பக்கத்து வீட்டுக்குப் போகும். பக்கத்து வீடு எங்கள் வீடு. ஒரு வாழையிலையில் ஈரலைச் சுற்றி எடுத்துக்கொண்டு மாமா வாசலில் வந்து நிற்பார்.

"இந்தாம்மா, உங்க அண்ணி மறுபடியும் வயித்த கட்டிக்கினா. நீங்கன்னா துன்னுங்க" என்று என் அம்மாவிடம் கொடுப்பார். குரலில் வருத்தமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியாது.

அத்தை எங்களுக்கு ரத்த உறவு இல்லை. தெருவில் பாதிப் பேருக்கு அவள் அத்தை, மீதிப் பேருக்கு அண்ணி. அவளுக்கென்று ஒரு பேர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே எழுதப் போவதில்லை.

உயரமான மனுஷி. நடவு வரிசையில் எல்லோரும் குனிந்திருக்கும்போதும் அவள் முதுகு ஒரு சாண் மேலே தெரியும். முந்தானையை இழுத்து வயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இடுப்பில் செருகியிருந்தால் அன்றைக்கு விரதம். முந்தானை தோளில் தளர்ந்து கிடந்தால் சாப்பிட்டிருக்கிறாள். எனக்கு விவரம் தெரிந்து, அது தோளில் கிடந்த நாட்கள் குறைவு.

யார் வீட்டில் என்ன கஷ்டம் வந்தாலும் அவளிடம் ஒரே மருந்துதான். எருமை கன்று போடாமல் திணறினால், ஒருத்தியின் புருஷன் கோபித்துக்கொண்டு சாலவாக்கம் பக்கம் போய்விட்டால், எங்கள் அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்காவிட்டால், அவள் வந்து நின்று, "வுடு. நான் வயித்த கட்டறேன். நீ போயி வேலயப் பாரு" என்பாள். அந்த நிமிஷமே முந்தானை வயிற்றைச் சுற்றிவிடும். விளக்கு வைக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. எருமை எப்படியோ கன்று போட்டுவிடும். கோபித்துக்கொண்டு போன புருஷன் சோற்றுக்கு வழியில்லாமல் திரும்பி வருவான். அப்பாவின் காய்ச்சலும் இறங்கியது. ஏரிக்குத்தான் சில வருஷம் தண்ணீர் வராது. மதகுக்குக் கீழே சேறு வெடித்துக் கிடக்கும். "இன்னா அத்தே, உன் விரதம் இதுக்குப் பலிக்கலியே" என்று யாராவது சீண்டினால், "ஏரி பெருசுடா. என் வயிறு பத்தல" என்பாள்.

எனக்காகவும் கட்டினாள். எங்கள் குடும்பத்தில் முதலில் சிலேட்டுப் பிடித்தவள் நான். தெருவிலிருந்து உத்திரமேரூர் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய்ப் படித்து, எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய முதல் பெண்ணும் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. தேறிய செய்தியோடு நான் வந்த அன்று அத்தை வாசலில் புளி இடித்துக்கொண்டிருந்தாள்.

"பாஸா?"

"பாஸ் அத்தே."

"பின்ன இன்னா. பரீட்ச முடியறவரிக்கும் ஒரு பொழுதுதான் துன்னேன்."

எனக்குச் சுருக்கென்றது. "படிச்சது நானு. நீ இன்னாத்துக்கு நடுவுல வர்றே?"

"படிச்சது நீதான், யாரு இல்லன்னா? மூள உன்து, வயிறு என்து. ரெண்டும் சேந்துதான் பரீட்சயில போயி குந்திச்சி."

உள்ளேயிருந்து மாமா குரல் கொடுத்தார்: "அடுத்த வாட்டி நீயே போயி எழுது. அந்தப் பொண்ணு வூட்ல குந்திக்கினு துன்னட்டும்."

தெரு முழுக்க அவள் சொல்லிக்கொண்டு திரிந்தாள், என் பட்டினியில் இவள் பாஸ் பண்ணினாள் என்று. எனக்குக் கோபம் ஆறப் பல நாள் ஆயிற்று. விளக்கில் எண்ணெய் தீர்ந்த பிறகும் தெருவிளக்கடியில் உட்கார்ந்து படித்தவள் நான். அந்தப் பெருமையில் இன்னொருத்தி பங்கு கேட்பதை என்னால் தாங்க முடியவில்லை.

மாமாவின் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தையின் மற்ற விரதங்களெல்லாம் வந்து போகும். இந்த ஒன்று அவளோடு தங்கிவிட்டது.

ஓர் ஆடித் திருவிழா முடிந்த மறு வாரம் மாமாவின் வலது கால் கட்டைவிரல் வீங்கியது. பழுத்த மிளகாய் மாதிரி சிவந்து பளபளத்தது. ஈ உட்கார்ந்தால்கூட அலறுவார். வேட்டிக் கரை பட்டால் பல்லைக் கடிப்பார். அவருடைய நைனாவுக்கும் அதே விரலில் அதே வீக்கம் வருமாம். "கத்தி புடிக்கிறவன் கட்ட வெரல அம்மன் புடிப்பா" என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சே உண்டு. மாமாவுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பயமும் இருந்தது. காரணம், அம்மன் முன்னால் கிடா வெட்டுகிறவர் வெறுங்காலோடு இரண்டு பாதமும் மண்ணில் பதிய நிற்க வேண்டும். அதற்கு முன்னால் அவர் மனைவி மஞ்சள் தண்ணீரை அந்தப் பாதங்களில் ஊற்ற வேண்டும். கால் ஊன்ற முடியாதவர் கத்தி தூக்கக் கூடாது.

அத்தைதான் வற்புறுத்தி உத்திரமேரூர் டாக்டரிடம் கூட்டிப்போனாள். நானும் கூடப் போனேன். டாக்டர் விரலைத் தொடாமல் பார்த்துவிட்டு, "ஈரல் அதிகமா சாப்பிடுவியா?" என்று கேட்டார். மாமா அதிர்ந்துபோனார். ரத்தத்தில் ஒரு உப்பு சேர்கிறது, அது மூட்டில் போய்ப் படிகிறது, ஈரல், குண்டிக்காய், சுவரொட்டி, கருவாடு, சாராயம் இதெல்லாம் அந்த உப்பைக் கூட்டும், விட்டுவிடு, தண்ணீர் நிறையக் குடி என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வழியெல்லாம் மாமா சிரித்துக்கொண்டே நொண்டினார். "டாக்டரு என் பங்க நிறுத்தச் சொல்றாரு. அப்ப ஆடிக்கு அவரே வந்து வெட்டட்டும்."

அத்தை சிரிக்கவில்லை. புளியமரத்தடியில் நின்று முந்தானையை இழுத்து வயிற்றைச் சுற்றினாள்.

"வுடு. நான் வயித்த கட்டறேன்."

ஒரு மண்டலம் இருந்தாள். பகலெல்லாம் வயலில் வேலை, வாயில் ஒன்றும் கிடையாது. அந்த வீட்டில் கவிச்சி ஏறவில்லை, கருவாடு சுடவில்லை. விரத வீட்டில் சாராயமும் ஆகாது. மாமா களியும் முருங்கைக்கீரையும் சாப்பிட்டார். பங்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. வீக்கம் வற்றி, மாமா ஏர் பிடித்து உழுதார். விரதம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஈரல் மறுபடி அந்த வீட்டு அடுப்பில் ஏறியது. சில வாரத்தில் விரல் மறுபடி சிவந்தது. அவள் மறுபடி வயிற்றைக் கட்டினாள். விரல் வற்றியது.

கண்ணால் பார்த்ததை அவள் நம்பினாள். தெருவே நம்பியது. அப்போது நானும் நம்பினேன்.

அதிலிருந்து அவள் வாழ்க்கையில் விரதம் விலக்கு என்பது போய்ச் சாப்பாடு விலக்கு என்றாகிவிட்டது. ஆடித் திருவிழா நாளில் மட்டும் எந்த விரதமும் செல்லாது. அம்மன் பங்கை மாமா சாப்பிட்டே ஆக வேண்டும். அடுத்த வாரம் கால் வீங்கும். அவள் தொடங்குவாள். அடுத்த ஆடி வரை, இடையிடையே சில நாள் தவிர, முந்தானை வயிற்றில்தான். பொழுது சாய்ந்து விளக்கு வைத்த பிறகு ஒரே வேளை. பகலெல்லாம் காய்ந்த வயிற்றுக்குக் கோயிலில் கொடுக்கிற நெய் சொட்டும் மாவிளக்கு, எண்ணெய் வடை, இல்லையென்றால் நல்லெண்ணெய் ஊற்றிய பெரிய களி உருண்டை. அவள் சாப்பிடுவதை யாரும் பார்க்க மாட்டார்கள். மற்றவர்கள் சாப்பிடுவதை அவள் பார்ப்பாள். எங்கள் வீட்டில் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது வாசற்படியில் வந்து குந்திக்கொண்டு, "இன்னும் ரெண்டு வாய் துன்னுடி, அப்பதான் மூள ஓடும்" என்பாள். நான் மெல்லுவதை அவ்வளவு ஆசையாகப் பார்ப்பாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். என் தட்டில் இருந்தது அவள் வீட்டு ஈரல்.

அவளுக்கு வலி எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. முதலில் பார்த்தவள் அம்மா. விரதம் முடித்துச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் அத்தை உரலின் மேல் கவிழ்ந்து படுத்துக் கிடந்தாளாம். வலது விலாவுக்குக் கீழே முஷ்டியால் அழுத்திக்கொண்டிருந்தாளாம். வலி முதுகைச் சுற்றித் தோள்பட்டை வரை ஏறுகிறது என்றாளாம்.

"சூட்டு வலியா இருக்கும் அண்ணி. சீரகத் தண்ணி குடி" என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

"சூடும் இல்ல, ஒண்ணும் இல்ல. துன்னாதான் வலிக்குது. துன்னாம கீற வரிக்கும் சும்மாத்தான் கீது. அப்ப இன்னா அர்த்தம்? துன்றதுதான் தப்பு. நான் விரதத்த சீக்கிரம் முடிச்சிடறேன், அம்மனுக்கு அது புடிக்கல."

அம்மாவுக்கு அதில் தப்புக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அத்தை விளக்கு வைத்ததும் சாப்பிடுவதை விட்டுவிட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடத் தொடங்கினாள்.

நான் அப்போது நர்சுப் படிப்பில் சேர்ந்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி விடுதியில் இருந்தேன். வெள்ளைப் புடவை, வெள்ளைத் தொப்பி. எங்கள் தெருவில் யாரும் போட்டிராத உடுப்பு. வகுப்பு அலமாரியில் ஒரு கண்ணாடிக் குப்பியில் பித்தப்பைக் கற்கள் இருந்தன, வறுத்த புளியங்கொட்டை போல. சாப்பாடு வயிற்றுக்குள் வரும்போதுதான் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தை வெளியே தள்ளும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பு முடிந்ததும் பாடம் எடுத்த டாக்டரிடம் போய், சாப்பாடே வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"தேங்கும். தேங்கினா கெட்டியாகும். கல்லுக்குப் பட்டினி ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாது. உடம்பு வாகு, கொழுப்பு, எவ்வளவோ இருக்கு. ஆனா நாளெல்லாம் பட்டினி கிடந்துட்டு ஒரே வேளையில நெய்யும் எண்ணெயுமா சாப்பிடறவங்களுக்கு வலி வரும். ஏன், வீட்ல யாராவது இருக்காங்களா?"

"பக்கத்து வீட்ல சார்" என்றேன்.

விடுமுறைக்கு ஊர் போனதும் முதலில் அவள் வீட்டுக்குத்தான் போனேன். விதைக்காக வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பருப்புகூட வாய்க்குப் போகவில்லை. ஆள் பாதியாகியிருந்தாள். முந்தானை முன்பு வயிற்றை இரண்டு சுற்று வரும். இப்போது மூன்று வந்தது. நான் எதிரில் உட்கார்ந்து, பாடம் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். கல்லைப் பற்றிச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அது அவள் உடம்பைப் பற்றியது, அவளுக்கு அதில் அக்கறை இல்லை. பிறகு நான் மற்றதைச் சொன்னேன்.

"அத்தே, மாமா காலு நல்லாவறது உன் விரதத்தால இல்ல."

கை உரித்துக்கொண்டே இருந்தது. "பின்ன?"

"நீ விரதம் இருந்தா இந்த வூட்ல ஈரல் வேவறதில்ல. கருவாடு இல்ல, சாராயம் இல்ல. மாமா கீரையும் களியுமா துன்றாரு. அதான் வீக்கம் வத்துது. அன்னிக்கே டாக்டரு சொன்னாரே, நம்ம மூணு பேரும்தான கேட்டோம்."

கை நின்றது. மடியிலிருந்த கடலையைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"அப்ப நான் ஒண்ணுமே பண்ணலியா?"

நான் படித்த எதிலும் இதற்குப் பதில் இல்லை. "மாமாவப் பங்க வுடச் சொல்லு அத்தே, ரெண்டு பேரும் பொழைச்சிக்குவீங்க" என்று மட்டும் சொன்னேன்.

"வுட்டா கத்தி பூடும்."

"போவட்டும்."

"வருசம் பூரா அவரு யாரு? நெலத்துக்கார ஆண்ட வூட்டு வரப்புல கைகட்டி நிக்கறவரு. ஆடியில ஒரு நாளு அவரு முன்னால தெருவு கைகட்டி நிக்குது. அந்த ஒரு நாள நான் புடுங்கட்டுமா?"

சொல்லும்போது அவள் குரல் உயரவே இல்லை. எனக்கு வேறு வழி தோன்றியது.

"அப்ப இப்பிடி செய்யி. விரதம்னு சொல்லிக்கோ. முந்தானைய கட்டிக்கோ. பங்கு எங்க வூட்டுக்கு வரட்டும், மாமா ஈரல் துன்னமாட்டாரு. ஆனா நீ நேரா நேரத்துக்குக் கொஞ்சங்கொஞ்சமா துன்னு. யாருக்குத் தெரியும்?"

கோயில் இருக்கும் திசைக்கு முகவாயை நீட்டினாள். "அவளுக்குத் தெரியும்."

"கேட்டா படிச்ச பொண்ணு சொல்லிச்சின்னு சொல்லு. நான் வந்து பேசிக்கறேன்."

அதற்கு அவள் சிரித்துவிட்டாள். மறுநாள் உச்சிப்பொழுதில் எங்கள் வீட்டுப் பின்பக்கமாக வந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு, மோர் விட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழும் இரண்டு சின்ன வெங்காயமும் கொடுத்தேன். முந்தானையை வயிற்றிலிருந்து அவிழ்க்காமலே குந்திக்கொண்டு குடித்தாள். முதல் வாயை விழுங்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்த மாதிரி இருந்தது. விரலை நக்கினாள்.

"உப்பு சரியா கீது" என்றாள். பிறகு, "பகல்ல துன்னா ருசி வேற மாரி கீதுடி."

நான் ஊரில் இருந்த நாளெல்லாம் வந்தாள். விலா வலிக்கவில்லை. என் கையால் ஒருத்திக்கு உடம்பு தேறுகிறது என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பாஸ் பண்ணிய நாளைவிட அது பெரிதாகத் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் மாமா ஒரு காலைத் தூக்கிக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினார். மானாம்பதியில் அவர் தங்கை மகளுக்குக் காது குத்தல். தாய்மாமன் முறை, மரியாதைக்குரிய விருந்தாளி. கிடா வெட்டி, ஈரலை அவர் இலையில்தான் முதலில் வைத்திருக்கிறார்கள். சாராயமும் இருந்திருக்கிறது. விரதம் அவர் வீட்டு அடுப்புக்குத்தானே தவிர மானாம்பதி அடுப்புக்கு இல்லை.

அத்தை அந்த விரலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "பாத்தியா" என்றாள். அவ்வளவுதான்.

"மானாம்பதியில ஈரல் துன்னாரு அத்தே. அவரையே கேளு."

"அங்க போறப்பல்லாம் துன்றவருதான். ஒவ்வொரு வாட்டியும் வீங்கல. நான் பகல்ல கூழு குடிச்ச வாரம்தான் வீங்கிச்சி."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். என் தலையைத் தடவி, "உன் மேல தப்பில்ல, நீ படிச்சத சொன்னே" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்து இறுக்கினாள். மறுநாள் நான் கரைத்த கூழை அம்மா மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள்.

அடுத்து அவளைப் பார்த்தது நான் வேலை பழகிய ஆஸ்பத்திரியில். மாமா கட்டை வண்டியில் உத்திரமேரூர் வரை கொண்டுவந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்திருந்தார். கண்ணும் நகமும் மஞ்சள் கரைத்து ஊற்றிய மாதிரி இருந்தன. காய்ச்சல் கொதித்தது. கல் வழியை அடைத்துவிட்டது, காலையில் அறுத்து எடுக்க வேண்டும், உடம்பில் தெம்பு இல்லை, பார்க்கலாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். சாயங்காலம் அவள் கட்டிலருகே போய்ச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"அத்தே, காலையில ஆப்பரேசன். அதுவரிக்கும் வெறும் வயித்தோட இருக்கணும். தண்ணிகூடக் குடிக்கக் கூடாது."

விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதச் சொல்லித்தர எனக்கு ஒரு ஆஸ்பத்திரியா?"

மாமா தலைமாட்டில் தரையில் குந்தியிருந்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது, வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாருக்குன்னு வேண்டிக்கினு கட்டட்டும்?" என்றாள்.

"உனக்குத்தான் அத்தே. உன் உடம்புக்கு."

"எனக்கா?"

கடையில் யாரோ விலை உயர்ந்த புடவையை அவள் மேல் போட்டுப் பார்த்த மாதிரி கூச்சப்பட்டாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு, "எனக்குன்னு கட்டிப் பழக்கமில்லடி. அவரு காலுக்கே வெச்சிக்கறேன்" என்றாள். முந்தானையை இழுத்தாள். கையில் வலு இல்லை. நான்தான் சுற்றிவிட்டேன்.

வயிற்றைத் திறந்தபோது உள்ளே சீழ் பரவியிருந்தது. மறுநாள் பொழுது சாயும் முன்னால் போய்விட்டாள். ஒரு சொட்டுத் தண்ணீரில் உதட்டை நனைக்கக்கூட அவளுக்கு நினைவு திரும்பவில்லை.

மனைவி இல்லாதவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. அதனால் எங்கள் வழக்கப்படி கத்தி மாமாவின் தம்பி மகனுக்குப் போனது. பங்கும் அவன் வீட்டுக்குப் போனது. எந்த நாளைக் காப்பாற்ற அவள் வயிற்றைக் கட்டினாளோ அந்த நாள் அவளோடு போயிற்று. அந்த வருஷ ஆடியில் மாமா கூட்டத்தில் நின்று, மற்றவர்களோடு கைகட்டிப் பார்த்தார். அவர் வீட்டில் அடுப்பு எரிவது நின்றது. என் அம்மா கொடுக்கும் கஞ்சியும் கீரையும்தான் அவருக்குச் சாப்பாடு. விருந்துகளுக்குப் போவதில்லை. சாராயத்தைத் தொடுவதில்லை.

கால் வீங்கவே இல்லை.

"அவ கட்டின வயித்த அவுக்காமயே பூட்டா. அதான் என் காலு இப்பிடி கீது" என்று எல்லோரிடமும் சொன்னார். தெரு தலையாட்டியது.

ஒரு வருஷம் திரும்பியது. படையல் போட வேண்டும். செத்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் வைப்பது எங்கள் வழக்கம். மாமா அம்மாவிடம் கேட்டார், அத்தைக்கு என்ன பிடிக்கும் என்று. அம்மா யோசித்தாள். பக்கத்து வீட்டுக்காரிகளைக் கேட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை. அவ்வளவு வருஷம் கூட வாழ்ந்த மாமாவுக்கும் தெரியவில்லை. லீவில் வந்திருந்த நான், கேழ்வரகுக் கூழ், மோர் விட்டு, வெங்காயத்தோடு, உச்சிப்பொழுதில் என்றேன்.

"படையலுக்குக் கூழா?" என்று யாரோ சிரித்தார்கள். மாமா சிரித்தவளைத் திரும்பிப் பார்த்தார். நானே கரைத்தேன். உப்பை இரண்டு தடவை பார்த்தேன். இலையில் தொன்னை வைத்து ஊற்றினோம். வடையும் வைத்தார்கள். காக்கை வந்தது, வடையைக் கொத்திக்கொண்டு பறந்தது. கூழைத் தொடவில்லை.

நான் கிளம்புவதற்கு முன்னால் மாமா வந்தார். வாசலில் நின்று வலது காலை முன்னால் நீட்டிக் காட்டினார். விரல் மற்ற விரல்களைப் போல ஒல்லியாக, சாதாரணமாக இருந்தது.

"வீங்கல பாரு."

"நல்லதுதான மாமா."

"இன்னா நல்லது? அவ துன்னுட்டா விரதம் முடிஞ்சிரும். முடிஞ்சா வீங்கணும். படைச்சி எத்தினி நாளாச்சி. வீங்கலியே. அவ இன்னும் துன்னலடி. அங்கயும் பட்டினியாத்தான் கீறா."

அவர் அழுது நான் பார்த்ததில்லை. சுடுகாட்டில்கூட அழாதவர். நான் அவரை உட்கார வைத்து, அத்தையிடம் அன்று சொன்னதை அவரிடமும் சொன்னேன். பங்கு நின்றுவிட்டது, ஈரல் இல்லை, சாராயம் இல்லை, அதனால்தான் வீக்கம் இல்லை, அவள் பசியோடு இல்லை. மெதுவாகத்தான் சொன்னேன்.

"அப்ப அவ இத்தினி வருசம் பண்ணது?"

இந்தத் தடவை என்னிடம் ஒரு பதில் இருந்தது. "அவ வயித்த கட்டனதாலதான் மாமா நீ ஈரல் துன்னாம இருந்தே. உன் கால அவதான் காப்பாத்தனா." அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கடலை உரித்துக்கொண்டிருந்தவளிடம் அன்றைக்கே சொல்லத் தோன்றாமல் போன பதில் அது.

அவர் வெகுநேரம் தலையாட்டினார். "நீ படிச்ச பொண்ணு. சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். காலைச் சரியாக ஊன்றித்தான் நடந்தார்.

போன மாதம் அம்மா என்னைப் பார்க்க வந்தபோது சொன்னாள். தினமும் விடிந்ததும் மாமா வாசலில் வந்து குந்திக்கொண்டு அந்தக் கட்டைவிரலை இரண்டு கையாலும் அழுத்திப் பார்க்கிறாராம். கஞ்சியோடு போகும் அம்மா, "வலிக்குதா அண்ணே?" என்று கேட்பாளாம்.

"இல்லம்மா" என்பாராம். சொல்லிவிட்டு, கஞ்சியைக் கையில் வாங்காமல் இன்னொரு தடவை அழுத்துவாராம்.